முள் பன்னிரண்டைத் தொடும்போது

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘சிங்க்’ என்ற சொல் சின்ன வயதிலேயே பழக்கம். “மூணாவது யூனிட் சிங்க் ஆயிடுச்சா?” என்று சைக்கிளை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டு போவார்கள். பராமரிப்புக்காக நிறுத்திய ஜெனரேட்டரை மறுபடி ஓடவிட்டு மின்தொகுப்போடு இணைப்பதைப் பற்றிய பேச்சு அது. என் அப்பா ‘தெர்மல் ஒண்ணு’ என்று ஊர் சொல்லும் முதல் அனல்மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் பல வருஷம் வேலை பார்த்தவர். சோவியத் உதவியோடு கட்டி, 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, ஒன்பது யூனிட்டுகளும் 600 மெகாவாட்டுமாக வளர்ந்து, 2020இல் ஓய்வு பெற்ற நிலையம்.

நான் பழைய விலைக்கு ஒரு டிஜே கன்ட்ரோலர் வாங்கி வந்து அறைக்குள் உட்கார்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குத் தாளம் குலையாமல் போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஒவ்வொரு முறையும் இரண்டு தாளமும் ஒன்றின் காலை ஒன்று மிதித்து, கல் பாவிய தெருவில் குதிரை ஓடுவது போலக் கேட்டது. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து கதவோரம் நின்றார்.

“ரெண்டும் ஒரே ஸ்பீடாடா?”

“ஆமாப்பா. ரெண்டுமே 125.”

“ஸ்பீடு சரி. எந்த இடத்துல பிரேக்கரப் போட்ட?”

டிஜே ஆக விரும்பும் யாருக்கும் நான் முதலில் சொல்வது அந்தக் கேள்வியைத்தான். எந்தக் கருவி வாங்குவது, எதற்குக் காசைக் கொட்டுவது, எதை விட்டுவிடலாம் என்பதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கிறது.

கன்ட்ரோல் ரூமில் நடப்பதைப் பார்ப்போம். பழுப்பு நிலக்கரி எரிந்து, நீராவி எழுந்து, டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. அதோடு பிணைந்த ஜெனரேட்டர் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைத் தருகிறது. வெளியே மின்தொகுப்பும் 50 ஹெர்ட்ஸில் துடிக்கிறது. இரண்டையும் இணைக்கும் சுவிட்சுக்குப் பெயர் பிரேக்கர். அதை மூடுவதற்கு முன் மூன்று பொருத்தம் பார்ப்பார்கள். மின்னழுத்தம் சமமாக இருக்க வேண்டும். அதிர்வெண் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது, அலை ஏறும் நேரத்தில் அலை ஏற வேண்டும், இறங்கும் நேரத்தில் இறங்க வேண்டும். இதைக் கட்டம் என்கிறது இயற்பியல். மூன்றாவது பொருத்தம் தவறினால், ஓடுகிற இயந்திரத்தைத் தொகுப்பு ஒரே இழுப்பில் தன் கட்டத்துக்குத் திருப்பப் பார்க்கும். பல டன் எடையுள்ள தண்டு அந்த முறுக்கைத் தாங்க வேண்டிவரும். இணைப்புப் போல்ட்டுகள் சேதமாகும், சுருள்கள் சிதையும்.

கட்டத்தைக் காட்டச் சுவர்க் கடிகாரம் போல ஒரு கருவி இருக்கிறது: சிங்க்ரோஸ்கோப். ஒரே ஒரு முள். புதிதாகச் சேர வரும் இயந்திரம் தொகுப்பைவிட வேகமாக ஓடினால் முள் வலப்புறமாகச் சுற்றும். மெதுவாக ஓடினால் இடப்புறம். ஒன்று 50.0, மற்றது 50.1 என்றால் முள் பத்து விநாடிக்கு ஒரு முறை வட்டமடிக்கும். ஆபரேட்டர் வேகத்தைச் சிறுகச் சிறுகத் திருத்துவார். முள் சோம்பலாக நகர ஆரம்பிக்கும். பன்னிரண்டை நெருங்கி வரும்போது கை சுவிட்சில் இருக்கும். பிரேக்கர் மூடுவதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் வைத்து, பன்னிரண்டுக்குச் சற்று முன்னாலேயே திருப்பிவிட வேண்டும். சரியாக விழுந்தால் அறைக்குள் ஒன்றுமே நடக்காதது போல இருக்குமாம். “சத்தமே கேக்கக் கூடாது. கேட்டா தப்பு பண்ணிட்டோம்னு அர்த்தம்” என்பார் அப்பா.

நல்ல டிஜே பாட்டு மாற்றுவதும் அப்படித்தான். ஆடுகிறவர்களுக்கு மாறியதே தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 125 அடி என்றால் அடிக்கு 480 மில்லிவிநாடி. இரண்டாவது பாட்டு 126 என்று வையுங்கள். அதற்கு 476 மில்லிவிநாடி. வித்தியாசம் நாலுகூட இல்லை. முதல் அடியில் காது அதைக் கண்டுகொள்ளாது. எட்டு அடி கழித்து விலகல் 30 மில்லிவிநாடியாகிவிடும். இரண்டு தட்டல்கள் சுமார் 20, 30 மில்லிவிநாடிக்குள் விழுந்தால் நம் காது அவற்றைத் தடித்த ஒரே தட்டலாகக் கேட்கிறது. அதைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிடுகிறது. நாலு விநாடிக்குள் குதிரை ஓட ஆரம்பித்துவிடும். என் அறையில் நடந்தது போல, 125, 125 என்று திரையில் ஒத்திருந்தாலும், ஒரு பாட்டின் அடி இன்னொன்றின் இரண்டு அடிகளுக்கு நடுவே விழுந்துகொண்டிருந்தால் அது ஒரு நாளும் தானாகச் சேராது. வேகம் வேறு, கட்டம் வேறு. பிட்ச் ஸ்லைடர் வேகத்துக்கு. ஜாக் வீல் என்கிற வட்டச் சக்கரம் கட்டத்துக்கு. அதை விரலால் முன்னே தள்ளினால் பாட்டு ஒரு நொடிப்பொழுது விரைந்து அந்த இடைவெளியைக் கடக்கும். முதல் பொருத்தமான மின்னழுத்தத்துக்கு இங்கே கெய்ன் குமிழ். அப்பாவின் மூன்று பொருத்தமும் நாலு சாண் பெட்டிக்குள் இருக்கின்றன.

ஒரு இடத்தில் மட்டும் டிஜேயின் பாடு ஜெனரேட்டரைவிடக் கஷ்டம். பிரேக்கர் மூடியபின் தொகுப்பே இயந்திரத்தைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் முந்தினால் பின்னே இழுக்கும், பிந்தினால் முன்னே தள்ளும். பாட்டுகளுக்கு இடையே அப்படி ஒரு பிடிப்பு கிடையாது. விட்டால் விலகிக்கொண்டே போகும். காதும் விரலும்தான் தொகுப்பு.

நான் சிறுவனாக இருந்தபோது வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு மைக் செட் கட்டுவார்கள். அகுஜா ஆம்ப்ளிஃபயர், மரத்தில் கட்டிய குழாய், மேசைமேல் ஒரே ஒரு பிளேயர். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் தட்டை எடுத்து உறையில் போட்டு, அடுத்த தட்டைத் துடைத்து வைக்கும் வரை ஊரே மௌனமாக இருக்கும், இல்லையென்றால் காணாமல்போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பு வரும். அந்த இடைவெளியை ஒழிக்கத்தான் இரண்டு தட்டுகள் தேவைப்பட்டன. 1960களின் இறுதியில் நியூயார்க்கில் பிரான்சிஸ் கிராஸோ என்ற டிஜே இரண்டு இசைத்தட்டுகளின் தாளத்தை ஒன்றாக்கி விடாமல் ஓட்டிக் காட்டினார். 1973 ஆகஸ்ட் 11 அன்று அதே நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் தன் தங்கைக்காக நடத்திய விருந்திலிருந்து ஹிப் ஹாப்பின் பிறந்தநாளைக் கணக்கிடுகிறார்கள். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு ஏற்ற வெறும் தாளப் பகுதியை ஒன்று மாற்றி ஒன்றாக நீட்டியவர் அவர்.

அந்தக் காலத்துத் தட்டுகள் மின்தொகுப்பின் பிள்ளைகள். சிங்க்ரனஸ் மோட்டார் வைத்த பிளேயரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டது. தொண்ணூறுகளில் தென்மாநிலத் தொகுப்பு பளு தாங்காமல் 48 ஹெர்ட்ஸ் வரை இறங்கிய நாட்கள் உண்டு. நாலு சதவீத இறக்கம். ஒரு சுரஸ்தானத்திலிருந்து அடுத்ததற்கு ஏறச் சுமார் ஆறு சதவீதம் போதும் என்பதால், அப்படிப்பட்ட மாலையில் அந்தப் பிளேயரில் பாடுகிறவரின் சுருதி முக்கால் சுரஸ்தானம் அளவுக்கு இறங்கியிருக்கும். சில பிளேயர்களின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 50 ஹெர்ட்ஸில் எரியும் சிறு நியான் விளக்கு விநாடிக்கு நூறு முறை மின்னும். 180 புள்ளிகள் கொண்ட தட்டு நிமிடத்துக்கு முப்பத்துமூன்றேகால் சுற்றைவிடத் துளி கூடுதலாக, சரியாக முப்பத்துமூன்றே மூன்றில் ஒரு பங்கு சுற்றினால் அந்தப் புள்ளிகள் அசையாமல் நிற்கும். அதுவும் ஒரு சிங்க்ரோஸ்கோப்தான்.

1972இல் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற பிளேயரைக் கொண்டுவந்தது. ரப்பர் பட்டையை எடுத்துவிட்டு மோட்டாரின் அச்சிலேயே தட்டை உட்கார வைத்திருந்தார்கள். கையால் பிடித்து நிறுத்திவிட்டாலும், விட்டவுடன் கணத்தில் வேகம் பிடிக்கும். 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவம் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடியது. வேகத்தை எட்டு சதவீதம் கூட்டவோ குறைக்கவோ ஒரு நீள ஸ்லைடரும் இருந்தது. இன்றைய கன்ட்ரோலர்களின் வலப்பக்கத்து ஸ்லைடர் அதன் பேரப்பிள்ளை.

இனி கடைக்குப் போவோம். தொடங்குகிறவர் இசைத்தட்டுப் பிளேயர் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. தட்டும் ஊசியும் பணத்தைத் தின்னும். தமிழ்ப் பாட்டு வேண்டுமானால் தட்டு தேடியே காலம் போகும். ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருந்தால் இரண்டு சேனல் கன்ட்ரோலர் ஒன்று போதும். நாலு சேனல், பதினாறு எஃபெக்ட், வண்ண விளக்கு எதுவும் முதல் வருஷத்தில் உதவாது. நான் பார்க்கச் சொல்வது மூன்று. பிட்ச் ஸ்லைடர் எவ்வளவு நீளம்? குட்டை ஸ்லைடரில் 125.0க்கும் 125.3க்கும் நடுவே விரல் நிற்காது. ஜாக் வீல் விரலுக்கு உடனே பதில் சொல்கிறதா? உள்ளேயே சவுண்ட் கார்டு இருந்து, சபைக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று இரண்டு தனி வெளியீடு இருக்கிறதா? இந்த மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சபையில் ஒரு பாட்டு ஓடும்போது அடுத்த பாட்டை உங்கள் காதுக்குள் மட்டும் கேட்க வேண்டும். அந்த வசதி இல்லாத பெட்டி, சிங்க்ரோஸ்கோப் இல்லாத கன்ட்ரோல் ரூம்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. மிக்ஸ் என்ற பெயரில், பெயரின் கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதப்படும் திறந்தமூல மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. கன்ட்ரோலரோடு சேர்ந்து வரும் ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ போன்றவற்றின் எளிய வடிவமும் ஆரம்பத்துக்குத் தாராளம். மிச்சம் பிடித்த பணத்தை ஹெட்போனில் போடுங்கள். காதை முழுக்க மூடி வெளிச்சத்தம் புகாதபடி அழுத்திப் பிடிப்பதாக, ஒரு பக்கக் கிண்ணம் பின்னால் திரும்புவதாக இருக்க வேண்டும். ஒரு காதில் வரப்போகும் பாட்டு, திறந்த காதில் ஓடுகிற பாட்டு. தலைக்குள் முள் சுற்றுவது அப்போதுதான் தெரியும்.

புளூடூத் ஹெட்போனும் புளூடூத் ஸ்பீக்கரும் இந்த வேலைக்கு உதவவே உதவாது. ஒலியைப் பொட்டலம் கட்டி அனுப்பிப் பிரித்து எடுப்பதற்குள் பெரும்பாலும் நூறு மில்லிவிநாடிக்கு மேல் போய்விடும். காது பிரித்தறிவதே இருபது முப்பதில் இருக்கும்போது நூறு தாமதத்தை வைத்துக்கொண்டு எதைப் பொருத்துவது? கம்பி இருக்கட்டும். லேப்டாப்பும் கொஞ்சம் தாமதிக்கும். ஒலியை விநாடிக்கு 44,100 துண்டுகளாக வெட்டி, ஒரு கூடை நிரம்பியதும் அனுப்புகிறது. கூடைக்கு 256 துண்டு என்றால் ஆறு மில்லிவிநாடிக்குள் முடியும். 1,024 என்றால் 23 மில்லிவிநாடி. கூடையைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் பழைய லேப்டாப் திணறி, நடுவில் ‘டப்’ என்று ஒலி அறுந்துபோகும். அறுபடாத மிகச் சிறிய அளவே உங்கள் கணினிக்குச் சரியான அளவு.

இதே தாமதம் காற்றிலும் உண்டு என்பதை நான் ஒரு கல்யாண மண்டபத்தில் கற்றேன். என் மேசை ஒரு மூலையில், ஸ்பீக்கர்கள் எதிர்க்கோடியில். ஒலி பத்து மீட்டர் வர ஏறத்தாழ 29 மில்லிவிநாடி ஆகும். நான் ஹெட்போனில் இந்தக் கணத்தையும், மண்டபத்தில் கடந்துபோன கணத்தையும் கேட்டு இரண்டையும் அழகாகப் பொருத்தினேன். எனக்குச் சரி. ஆடுகிறவர்களுக்குக் குதிரை. சவுண்ட் சர்வீஸ்காரர் வந்து ஒரு சின்னப் பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டு, “இதக் கேட்டு மிக்ஸ் பண்ணு தம்பி, அதக் கேக்காத” என்றார். மானிட்டர் ஸ்பீக்கர் எதற்கு என்று அதற்குப் பிறகு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் பழக ஐந்து அங்குலக் கூம்பு வைத்த ஒரு ஜோடி பவர்ட் மானிட்டர் போதும். வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். சக்தியை இரட்டிப்பாக்கினால் மூன்று டெசிபல்தான் கூடும்; காதுக்கு அது சற்றே கூடியது போலத்தான் தெரியும். எல்லாவற்றையும் மாட்டியதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் கேட்கலாம். கூர்ந்து கேளுங்கள், அது மின்தொகுப்பின் 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100ம். நெய்வேலியில் வளர்ந்த என்னால் அந்தக் குரலை அந்நியமாக நினைக்க முடிவதில்லை. ஆனாலும் அது பாட்டுக்குள் வரக் கூடாது. லேப்டாப் ஒரு சுவரிலும் ஸ்பீக்கர் இன்னொரு சுவரிலும் மாட்டப்பட்டு, இரண்டு எர்த்துகளும் ஆடியோ கம்பி வழியே ஒரு வளையமாகிவிட்டால் அந்த வளையத்தில் மின்னோட்டம் புகுந்துகொள்கிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் மாட்டுங்கள். முடிந்தால் மூன்று முனை பேலன்ஸ்டு கம்பி போடுங்கள். எர்த் பின்னை வெட்டினால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உள்ளே ஒரு கம்பி பிசகினால் உங்கள் கை வழியாக மின்சாரம் இறங்கும்.

இப்போது சிங்க் பட்டன். அழுத்தினால் மென்பொருளே வேகத்தையும் கட்டத்தையும் பொருத்திவிடும். பயன்படுத்துவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் முதல் மூன்று மாதம் அதைத் தொட வேண்டாம் என்பேன், அதற்குக் காரணம் நம் பாட்டுகள். மென்பொருள் பாட்டை அலசி, ஓங்கி ஒலிக்கும் இடங்கள் எவ்வளவு இடைவெளியில் திரும்ப வருகின்றன என்று கணக்கிட்டு, சம இடைவெளியில் கோடுகள் போடுகிறது. கணினியில் செய்த பாட்டுக்கு அது கச்சிதம். 1986இல் புன்னகை மன்னனில் இளையராஜா கணினியை இசைக்குள் கொண்டுவந்தார். தொண்ணூறுகளில் அது பரவலானது. அதற்கு முந்தைய பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே கூடத்தில் பல வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து, நடத்துநரின் கையசைவைப் பார்த்து வாசித்தவை. சரணத்தில் சற்றுத் தளரும், இடையிசையில் ஏறும். மனிதர் வாசித்த தாளம் மூச்சு விடும். சம இடைவெளிக் கோடு அதில் உட்காராது. சிங்க் பட்டன் தைரியமாகத் தவறு செய்யும்.

திஸ்ர நடை இன்னொரு சங்கதி. நம் டப்பாங்குத்துப் பாட்டுகள் நிறைய ‘தகிட தகிட’ என்று ஒரு அடியை மூன்றாகப் பிரிப்பவை. நாலு நாலாக எண்ணும் பழக்கத்தில் வளர்ந்த மென்பொருள், நிமிடத்துக்கு 100 அடி என்று சொல்ல வேண்டிய குத்தை 150 என்று காட்டுவது உண்டு. மூன்றுக்கு இரண்டு என்று எண்ணிவிடுகிறது. அதை நம்பி 150 ஓடும் மேற்கத்திய நடனப் பாட்டோடு இணைத்தால் எண்கள் கைகுலுக்கும், கால்கள் தடுமாறும். பறையும் தவிலும் கேட்டு வளர்ந்த காது இந்த இடத்தில் மென்பொருளைவிடக் கூர்மையானது. சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்குப் போகும்போது அடிக்கு அடி பொருத்தி, உள்பிரிவைச் சட்டென்று மாற்றினால் மண்டபத்தில் எழும் ஆரவாரமே தனி.

அந்தக் காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் உடல்நல நிறுவனமான நியோஷின் வரம்பு. மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும்: 88க்கு நாலு மணி, 94க்கு ஒரு மணி, 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். விசேஷ வீட்டு ஸ்பீக்கர் முன்னால் 100 என்பது சாதாரணம். உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. டர்பைன் ஹாலுக்குள் காதடைப்பான் இல்லாமல் போகாதே என்று அப்பா ஜூனியர்களை விரட்டுவாராம். டிஜேக்களும் அதைப் போட்டுக்கொள்ளலாம். ஒலியை ஒரே சீராகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான்கள் கிடைக்கின்றன. இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதியையும் மனமார மதியுங்கள். அடுத்த குவார்ட்டர்ஸில் நைட் ஷிப்ட் முடித்தவரோ, விடியலில் முதல் ஷிப்டுக்குப் போகிறவரோ தூங்கிக்கொண்டிருப்பார்.

2013 டிசம்பர் 31 அன்று எங்கள் வீட்டில் டிவிக்கு முன்னால் அப்பா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று இரவு ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மாநிலத் தொகுப்பு மற்ற இந்தியத் தொகுப்போடு இணைந்து, நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் துடிக்கத் தொடங்கியது. இரண்டு மாபெரும் தாளங்கள், ஒரு பிரேக்கர். எங்கோ ஒரு முள் பன்னிரண்டுக்கு வந்திருக்கும்.

முதல் பயிற்சியாக அப்பாவோடு நான் செய்ததையே நீங்களும் செய்யுங்கள். கூல் ஹெர்க் வைத்தது போல ஒரே பாட்டை இரண்டு பக்கமும் ஏற்றுங்கள். திரையைத் துணியால் மூடுங்கள். சுருதியைப் பூட்டும் கீலாக் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு பக்கத்து ஸ்லைடரைக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் நகர்த்திவிட்டு, இரண்டையும் ஓடவிட்டு, காதால் சேருங்கள். முதலில் குதிரை ஓடும். ஸ்லைடரைத் திருத்தத் திருத்த ஓட்டம் தளரும். சக்கரத்தை விரல் நுனியால் மெல்லத் தள்ள, இரண்டு தட்டல்களும் ஒட்டி ஒன்றாகும். அப்போது ஒரு விசித்திரம் கேட்கும்: பாட்டு முழுக்கக் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஒரு ‘ஷ்ஷ்’ ஒலி. ஒரே ஒலி சிறு தாமதத்தோடு தன்மேலேயே விழும்போது சில அதிர்வெண்கள் அழிந்துபோகின்றன. ஐந்து மில்லிவிநாடி விலகினால் முதல் அழிவு 100 ஹெர்ட்ஸில். ஒன்று என்றால் 500இல். பத்தில் ஒன்று என்றால் 5,000இல். விலகல் குறையக் குறைய அந்தச் சீறல் மேலே மேலே ஏறும், விமானம் உயரத்துக்குப் போவது போல. அப்பா கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சீறல் மெலிந்தது, இன்னும் மெலிந்தது, காதின் எல்லையைத் தாண்டிப் போயிற்று. அறையில் ஒரே ஒரு பாட்டு, சற்றே கனத்த ஒலியில், ஓடிக்கொண்டிருந்தது.

“கைய எடுத்துடு” என்றார் அப்பா.